பொண்ணு நோட்டுல எழுதி வெச்சிருக்கறது மிரட்டலா, நெஜமா?

ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஷூ கம்பெனியில வேலை, ஒரே பொண்ணு, 14 வயசு, ஒம்பதாவது படிக்குது. கணக்கு ரஃப் நோட்டோட கடைசி பக்கத்துல "நான் இல்லேன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்க"ன்னு எழுதி வெச்சிருந்ததை தற்செயலா பார்த்துட்டாரு. வீட்டுக்காரம்மா, போன் கேட்டுச்சு, குடுக்கல, அதுக்கு மிரட்டுதுங்கறாங்க. பாட்டி, அதைப் பத்தி வாயைத் திறந்து கேட்டுடாதீங்க, இல்லாத நெனப்பு வந்துடும்ங்கறாங்க. நாலு நாளா தூக்கம் இல்லாம இருக்காரு. இது மிரட்டலா நெஜமா, எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேள்வி.

தம்பி, உங்க கேள்வியை நான் மூணு தடவை படிச்சேன். நீங்க கேக்கறது கண்டுபிடிக்கற வழி மாதிரி இருந்தாலும், உள்ளுக்குள்ள "என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது உறுதியா சொல்லுங்களேன்"ங்கறதுதான் கேக்குதுன்னு எனக்குப் படுது. நான் வேலூர் பக்கம் 22 வருஷமா மனநல நர்ஸா இருக்கேன், அதுல கடைசி 9 வருஷம் பெரும்பாலும் பள்ளிக்கூட பிள்ளைங்களோடதான், டாக்டர் கிடையாது, உங்க பொண்ணை நேர்ல பார்த்ததும் இல்ல. அதனால அந்த உறுதியை நான் குடுக்க முடியாது, நேர்ல பார்த்த டாக்டரும் குடுக்க முடியாது. ஆனா இன்னிக்கு ராத்திரியில இருந்து நீங்க செய்யக்கூடியது நெறைய இருக்கு, அதுக்கு இந்த உறுதி தேவையே இல்ல, அதைத்தான் சொல்ல வரேன்.

ஏன் முடியாதுன்னு முதல்ல சொல்லிடறேன், இது மழுப்பல்னு நெனைச்சுடக்கூடாது. தற்கொலை ஆபத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமான்னு 50 வருஷத்து ஆராய்ச்சிங்களை, மொத்தம் 365, ஒண்ணா சேர்த்து பார்த்து 2017ல ஒரு முடிவு வந்துச்சு. மனச்சோர்வு, முன்னாடி முயற்சி பண்ணது, குடும்பத்துல யாராவது அப்படி போனது, இப்படி நாம சொல்ற ஒவ்வொரு காரணமும் தனியா நின்னு யார் செய்வாங்க யார் செய்யமாட்டாங்கன்னு சொல்றதுல, காசு சுண்டிப் பார்க்கறதை விட கொஞ்சம்தான் தேவலைன்னு. காரணங்கள் பொய்னு அர்த்தம் இல்ல. ஊர் அளவுல பார்த்தா அதெல்லாம் ஆபத்தை கூட்டறது உண்மை, முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ண பிள்ளைக்கு ஆபத்து அதிகம்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. ஆனா உங்க வீட்டு ஒத்தைப் பிள்ளைக்கு ஆமா இல்லன்னு பதில் அதுல இருந்து வராது.

அதனால மிரட்டலா நெஜமான்னு ரெண்டா பிரிக்கறதையே விட்டுடுங்க. எனக்குத் தெரிஞ்சு பிள்ளைங்க மனசு அப்படி ரெண்டா இருக்கறதில்ல. அணைக்கட்டு பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, பதினொண்ணாவது, (இங்க சொல்ற பிள்ளைங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்) அம்மா எல்லார் முன்னாடியும் போனைப் பிடுங்கி திட்டினாங்க, இவ உள்ள போய் கதவை சாத்திட்டா. பிழைச்சிட்டா. மூணாம் நாள் கட்டில் பக்கத்துல நான் உக்காந்திருக்கேன், ட்ரிப் ஏறுது, அது கையில ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால சுரண்டிகினே சொல்லுச்சு, "அக்கா, அம்மா வந்து கதவைத் தட்டணும்னுதான் இருந்துச்சு, அதே நேரம் எல்லாம் முடிஞ்சிடணும்னும் இருந்துச்சு, ரெண்டுமே நெஜந்தான்"னு. 22 வருஷத்துல நான் கேட்டதுல மறக்க முடியாத வார்த்தை அது. மிரட்டுதுன்னு நாம சொல்ற பிள்ளைகிட்டயும் ஆபத்து இருக்கு, சாகணும்னு நெஜமாவே நெனைக்கற பிள்ளைகிட்டயும் யாராவது தடுக்கமாட்டாங்களான்னு ஒரு ஏக்கம் இருக்கு. மிரட்டல்னே வெச்சிக்குவோம், 14 வயசுல ஒரு பிள்ளைக்கு தன் கஷ்டத்தை சொல்ல வேற வார்த்தையே கிடைக்காம சாவைக் காட்டி பேசுதுன்னா அதுவே கவனிக்க வேண்டியதுதானே.

இந்த விஷயத்துல நம்ம வேலூர் பேரு உலகம் பூரா மருத்துவ புத்தகங்கள்ல இருக்கு, நம்ம ஊர்க்காரங்களுக்குத்தான் அது அதிகம் தெரியாது. கணியம்பாடி ஒன்றியத்துல, ஒரு லட்சத்து சொச்சம் ஜனங்க, சி.எம்.சி. சமுதாய மருத்துவத் துறைக்காரங்க ஊர் ஊரா சுகாதாரப் பணியாளர் வெச்சு ஒவ்வொரு சாவையும் வீட்டுக்கே போய் விசாரிச்சு எழுதி வந்தாங்க. 1992ல இருந்து 2001 வரைக்கும் உள்ள கணக்கு 2004ல வந்துச்சு. 10ல இருந்து 19 வயசு வரைக்கும் உள்ள பெண் பிள்ளைங்கள்ல வருஷத்துக்கு லட்சத்துக்கு 148 தற்கொலை, ஆம்பள பிள்ளைங்கள்ல 58. அந்த வயசு பெண் பிள்ளைங்க சாவுல பாதியில இருந்து முக்கால்வாசி வரைக்கும் தற்கொலை. காய்ச்சல் இல்ல, பிரசவம் இல்ல, இதுதான். போலீஸ் கணக்குல வராத சாவெல்லாம் வயித்துவலி, தவறி விழுந்ததுன்னு அமுங்கிப் போயிருந்துச்சு, வீட்டு வாசல்ல உக்காந்து பேசினப்போதான் வெளிய வந்துச்சு. அது 20 வருஷத்துக்கு முந்தைய கணக்கு, ஒரே ஒன்றியம், அதனால இன்னிக்கு ஆம்பூருக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பெண் பிள்ளைங்க அதிகம்ங்கறது நம்ம பக்கத்துல லேசா எடுத்துக்கற விஷயம் இல்ல. மேல் நாடுகள்ல இந்த வயசுல பசங்கதான் அதிகமா சாகறாங்க, இங்க தலைகீழ்.

அதே கணியம்பாடியில இன்னொரு ஆராய்ச்சி, 2010ல வந்தது, இது எல்லா வயசும் சேர்த்து. தற்கொலையில போன 100 பேரோட குடும்பத்துல விசாரிச்சப்போ 37 பேருக்குத்தான் மனநோய்னு சொல்ற அளவுக்கு இருந்துச்சு. மேல் நாட்டு ஆராய்ச்சிங்கள்ல இது 90 சதவீதம் கிட்ட வரும். கேட்ட விதத்துல சில நோய் தப்பியிருக்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அந்த வாதம் இன்னும் முடியல. ஆனா நான் வார்டுல பார்த்ததும் இதோட ஒத்துப்போகுது. ரொம்ப நாளா சோர்ந்து போய் திட்டம் போட்டு செஞ்ச பிள்ளைங்களும் உண்டு, காலையில நல்லா சிரிச்சிகினு இட்லி சாப்பிட்டுட்டு சாயங்காலம் ஒரு வார்த்தை பொறுக்காம செஞ்ச பிள்ளைங்களும் உண்டு. இந்த ரெண்டாவது வகை நம்ம பக்கம் ஜாஸ்தி. அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல சாவு வரைக்கும் போய் பிழைச்ச 153 இளவயசுக்காரங்களை கேட்டிருக்காங்க, நாலுல ஒருத்தர் முடிவெடுத்து 5 நிமிஷத்துக்குள்ள செஞ்சிருக்காங்க. அஞ்சே நிமிஷம்.

அந்த அஞ்சு நிமிஷத்துல கைக்கு எட்டற தூரத்துல என்ன இருக்குங்கறதுதான் பல சமயம் உயிரா சாவாங்கறதை முடிவு பண்ணுது, பிள்ளை எவ்வளவு தீவிரமா நெனைச்சிச்சுங்கறது இல்ல. அதனால தம்பி, நீங்க பொண்ணுகிட்ட பேசறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை இது. இன்னிக்கே வீட்டை ஒரு தடவை சுத்தி பாருங்க. நிலத்துக்கு அடிக்கற மருந்து, எலி மருந்து, கழிவறைக்கு ஊத்தறது, பாட்டியோட சுகர், பிரஷர் மாத்திரை, எல்லாத்தையும் வீட்டை விட்டு வெளிய அனுப்புங்க, முடியாததை பூட்டி சாவியை உங்க இடுப்புல வெச்சிக்கங்க. மறைச்சி வெக்கறது போதாது, பிள்ளைங்களுக்கு வீட்டுல எது எங்க இருக்குன்னு நம்மளை விட நல்லா தெரியும். பாட்டிக்கு அன்னன்னிக்கு மாத்திரையை நீங்களே எடுத்துக் குடுங்க. உள்பக்கம் தாழ்ப்பாள் போடற ரூம்ல கொஞ்ச நாளைக்கு தனியா படுக்க விடாதீங்க, பாட்டி பக்கத்துல படுக்கட்டும். இதைச் சொன்னா "நெஞ்சுல நெனச்சிட்டா வேற வழி தேடிக்க மாட்டாங்களா"ன்னு கேப்பாங்க. பெரும்பாலும் தேடறதில்ல, அந்த வேகம் தணிஞ்சிடுது. ஸ்ரீலங்காவுல கடுமையான பூச்சிமருந்துங்களை ஒவ்வொண்ணா தடை பண்ணாங்க, 1995க்கு அப்புறம் 20 வருஷத்துல அங்க தற்கொலை சுமார் 70 சதவீதம் குறைஞ்சிடுச்சு. ஜனங்களோட கவலை குறைஞ்சிடல, கையில கிடைச்ச பொருளோட கொடூரம் குறைஞ்சுது. நம்ம தமிழ்நாட்டுலயே காட்டுமன்னார்கோயில் பக்கம் ஊருக்குப் பொதுவா ஒரு இடத்துல விவசாயிங்க மருந்தை பெட்டியில பூட்டி வெக்கற ஏற்பாடு செஞ்சு பார்த்தாங்க, சென்னையில சினேகா அமைப்பை 1986ல ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுதான், அங்கயும் குறைஞ்சுது. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா வழி சரியான வழி.

இப்ப பாட்டி சொன்னதுக்கு வரேன். கேட்டா இல்லாத நெனப்பு வந்துடும்ங்கற பயம் பாட்டிக்கு மட்டும் இல்ல, படிச்ச டீச்சருங்களுக்கும் இருக்கு, ஆரம்பத்துல எனக்கே இருந்துச்சு. இது தப்புன்னு நல்லா தெரிஞ்சாச்சு. நியூயார்க் மாநிலத்துல 2,300க்கும் மேல பள்ளிக்கூட பிள்ளைங்களை ரெண்டு பாதியா பிரிச்சு ஒரு பாதிகிட்ட தற்கொலை எண்ணம் பத்தி நேரா கேட்டாங்க, இன்னொரு பாதிகிட்ட கேக்கல. கேட்ட பிள்ளைங்களுக்கு மனக்கஷ்டமும் கூடல, எண்ணமும் கூடல. ஏற்கெனவே சோர்வா இருந்த பிள்ளைங்களுக்கு கேட்டது கொஞ்சம் ஆறுதலாவே இருந்துச்சு. 2005ல வந்த ஆராய்ச்சி, அதுக்கப்புறம் வந்ததும் அதையேதான் சொல்லுது. கேளுங்க. கேக்காம இருக்கறதுதான் அந்தப் பிள்ளைக்கு "இவங்களுக்கு தெரிஞ்சும் பேசல"ன்னு படும்.

எப்படி கேக்கறதுங்கறதுதான் கஷ்டம். எதிர்ல உக்கார வெச்சு விசாரணை மாதிரி கேட்டா எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. வண்டியில பின்னாடி உக்கார வெச்சிகினு கடைக்குப் போங்க, பாலாத்து பாலத்து மேல மெதுவா ஓட்டிகினு போறப்போ, இல்ல மொட்டை மாடியில துணி மடிக்கறப்போ, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துகினு இருக்கற மாதிரி ஒரு நேரம் வேணும். சுத்தி வளைக்காதீங்க. "பாப்பா, உன் நோட்டுல எழுதியிருந்ததை பார்த்துட்டேன், அதுக்கு கோபம் இல்ல, எனக்கு பயமா இருந்துச்சு. செத்துடலாம்னு தோணுதா?" அவ்வளவுதான். கேட்டுட்டு வாயை மூடிக்கங்க. அரை நிமிஷம் மௌனம் அரை மணி மாதிரி இருக்கும், பொறுத்துக்கங்க. ஆமான்னு தலையாட்டினா அதிர்ச்சியைக் காட்டாம அடுத்ததைக் கேளுங்க, எப்பல இருந்து தோணுது, எப்படின்னு யோசிச்சிருக்கியா, எப்பன்னு ஏதாவது நாள் மனசுல இருக்கா, இதுக்கு முன்னாடி எப்பவாவது செஞ்சு பார்த்திருக்கியா. எப்படிங்கறதும் எப்பங்கறதும் பதிலா வந்துச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்னு தள்ளாதீங்க. இல்லன்னு சொன்னாலும் கதவு திறந்தாச்சு, நாலு நாள் கழிச்சு அதுவே வந்து பேசும், பல தடவை பார்த்திருக்கேன். "உனக்கு இன்னா குறை வெச்சேன், உன்ன படிக்க வெக்க நான் எவ்ளோ கஷ்டப்படறேன்"னு மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க. உங்க கஷ்டம் உண்மைதான், ஆனா அந்த நோட்டுல எழுதினது என்ன, நான் இல்லேன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்கன்னு. தான் ஒரு பாரம்னு அந்தப் பிள்ளை ஏற்கெனவே நெனைச்சிகினு இருக்கு, நீங்க அதை ஊர்ஜிதம் பண்ணிடுவீங்க.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல தவறாம நடக்கறது. பிள்ளை அழுதுட்டா உடனே "என் தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணு, இனிமே அப்படி நெனைக்கவே மாட்டேன்னு". பண்ணிடும், அழுதுகினே பண்ணிடும். அடுத்த தடவை அந்த நெனப்பு வரும்போது சத்தியத்தை மீறிட்டோமேங்கற குற்ற உணர்ச்சியில யாருக்கும் சொல்லாம உள்ளயே வெச்சிக்கும். மருத்துவத்துலயும் ஒரு காலத்துல இப்படி எழுதி கையெழுத்து வாங்குவாங்க, அதால உயிர் தப்பினதுக்கு ஆதாரம் இல்லன்னு இப்ப பெரும்பாலும் அதை நம்பறதில்ல. சத்தியத்துக்கு பதிலா ஒரு பேப்பர்ல ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க, அந்த நெனப்பு வர்றதுக்கு முன்னாடி மனசுல உடம்புல என்ன ஆகுது, அப்ப தனியா இருந்தா என்ன செய்யலாம், யார் வீட்டுக்கு ஓடலாம், எந்த மூணு பேருக்கு போன் பண்ணலாம், நைட்டு ரெண்டு மணிக்கு வந்தா யாரை எழுப்பலாம். எழுப்பினா திட்டமாட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணுங்க, அது உதவும்.

அறிகுறின்னு கேட்டா, ஒதுங்கிப் போறது, தூக்கம் மாறறது, சாவைப் பத்தி பேசறது எழுதறது, கையில கீறிக்கறது, இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கீறிக்கற பிள்ளைங்க எல்லாரும் சாகணும்னு கீறிக்கறதில்ல, தாங்க முடியாத ஒண்ணை அடக்கறதுக்கு செய்யறாங்க, ஆனா பின்னாடி ஆபத்து கூடும்ங்கறது உறுதி, முழுக்கை சட்டை வெயில் காலத்துலயும் போட்டா கவனிங்க. நான் தனியா சொல்ல நெனைக்கறது திடீர்னு வர்ற அமைதி. குடியாத்தம் பக்கம் ஒரு பையன், புறா வளர்த்தான், பன்னெண்டாவது. ரெண்டு மாசமா யார்கிட்டயும் பேசாம இருந்தவன் ஒரு நாள் காலையில எல்லா புறாவையும் பக்கத்து தெரு பையனுக்கு குடுத்துட்டான். கூண்டைக் கழுவி, தண்ணி கிண்ணத்தைக் கவுத்து வெச்சு, மீதி இருந்த கம்பு தீனியை ஒரு பையில போட்டு அதையும் குடுத்தான். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், பரீட்சை வருதுன்னு புத்தி வந்துடுச்சுன்னு. புறா வாங்கின பையனோட அம்மாவுக்குத்தான் ஏதோ உறுத்துச்சு, ஆறு வருஷமா தூக்கத்துல கூட புறா பேச்சு பேசறவன் எப்படி குடுப்பான்னு அன்னிக்கு சாயங்காலமே வந்து அவன் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டாங்க. அவங்க பீடி சுத்தறவங்க, அஞ்சாவது கூட முடிக்கல. அவன் உடைஞ்சு அழுதான், மறுநாள் அவங்கதான் கூட்டிகினு வந்தாங்க.

உங்க பொண்ணோட நோட்டு எழுத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு தேடறப்போ போனோட நின்னுடாதீங்க. போன் காரணமான்னு என்கிட்ட அடிக்கடி கேக்கறாங்க, ஆராய்ச்சியில இது தெளிவா இல்ல, ரெண்டு பக்கமும் பேசறாங்க. போன்ல யாராவது கேலி பண்றது, போட்டோ வெச்சு மிரட்டறது, ராத்திரி தூக்கம் போறது, இதெல்லாம் கெடுதல்னு சந்தேகமில்ல. ஆனா போனுக்காக மட்டும் ஒரு பிள்ளை தான் பாரம்னு எழுதாது. பத்தாவது முடிச்சதும் மாமன் பையனுக்குன்னு வீட்டுல பேச்சு ஓடுதா? பள்ளிக்கூடத்துல ஒதுக்கி வெக்கறாங்களா, சாதி பேர் சொல்லியோ நிறம் சொல்லியோ? வீட்டுல யாராவது குடிச்சிட்டு அடிக்கறாங்களா? ட்யூஷன்லயோ சொந்தத்துலயோ யாராவது தப்பா தொட்டாங்களா? இந்தக் கடைசி கேள்வியை அம்மாவோ அத்தையோ கேட்டா நல்லது. அப்படி ஏதாவது இருந்தா அதை குடும்பத்துக்குள்ள அமுக்கக்கூடாது, குழந்தைங்க உதவி எண் 1098க்கு சொல்லலாம், பிள்ளைங்களை பாலியல் கொடுமையில இருந்து காக்கற போக்சோ சட்டம் 2012ல இருந்து இருக்கு. மார்க் பயம்னா, பத்தாவது பன்னெண்டாவது ஃபெயிலானா அடுத்தடுத்த மாசத்துலயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் மேல படிக்கலாம்னு ரிசல்ட்டுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, அந்த ஏற்பாடு வந்ததுல இந்த உயிர்களுக்கும் பங்கு உண்டு.

எங்க போறதுன்னா, பாகாயத்துல சி.எம்.சி. மனநல மையம் இருக்கு, பிள்ளைங்களுக்கு தனி பிரிவு உண்டு, குடும்பத்தோட கூடவே தங்கி வைத்தியம் பார்க்கற வழக்கம் அங்க ரொம்ப காலமா இருக்கு. அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, செலவு இல்ல. ராத்திரி நேரத்துல யார்கிட்டயாவது பேசணும்னா அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்லயே பேசுவாங்க, 24 மணி நேரமும், நீங்களும் பேசலாம் பொண்ணும் பேசலாம். தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிகினு போறதா இருந்தா போங்க, மனசுக்கு தைரியம்னா நல்லதுதான், டாக்டரையும் அதே வாரத்துல பாருங்க, அதுக்கு அப்புறம் இதுன்னு வரிசை வெக்காதீங்க. மனச்சோர்வுக்கு மாத்திரை குடுத்தா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். 2004ல அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை போட்டாங்க, பிள்ளைங்கள்ல மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100க்கு 2 பேருக்கு வந்த தற்கொலை எண்ணமோ நடத்தையோ, மருந்து சாப்பிட்டவங்கள்ல 100க்கு 4 பேருக்கு வந்துச்சுன்னு. அந்த ஆராய்ச்சிகள்ல ஒரு சாவும் இல்ல. அதுக்காக மாத்திரையே வேணாம்னு ஓடாதீங்க, தேவைப்படற பிள்ளைக்கு அது காப்பாத்தும், முதல் சில வாரம் கூட இருந்து பார்த்துக்கங்க, அட்டை உங்க கையில இருக்கட்டும், நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா ஒண்ணு, உங்களுக்கு இது தேவைப்படக்கூடாது, இருந்தாலும் சொல்லணும். எதையாவது குடிச்சிட்டேன், முழுங்கிட்டேன்னு பிள்ளை சொன்னா, நல்லா நடந்துகினு பேசிகினு இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, 108ஐ கூப்பிடுங்க. சிலது ஒரு நாள் ரெண்டு நாள் எதுவும் காட்டாம இருந்துட்டு அப்புறம் உள்ள கெடுத்துடும், "வாந்தி எடுத்துட்டா, சரியாகிடுச்சு"ன்னு வீட்டுல வெச்சிருந்து ரெண்டாம் நாள் தூக்கிகினு வந்தவங்களை பார்த்திருக்கேன், அந்த அப்பா முகம் இன்னும் கண்ணுல நிக்குது. போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்துதான் அவங்க வரல. ஆஸ்பத்திரியில எம்.எல்.சி. (மருத்துவ-சட்டப் பதிவு) எழுதுவாங்க, அது பதிவு மட்டும்தான். 2017 மனநல சட்டத்துலயே முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக்கூடாதுன்னு வந்தாச்சு, 2024 ஜூலையில புது சட்டம் வந்தப்போ முயற்சியைக் குற்றமா வெச்சிருந்த பழைய 309 பிரிவும் போயிடுச்சு.

அந்த நோட்டை கிழிக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டணும்னா பொண்ணுகிட்ட சொல்லிட்டு எடுத்துகினு போங்க. வீட்டை இன்னிக்கு சுத்தி பாருங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, உங்களுக்கு லீவுதானே, வண்டியில கூட்டிகினு போய் கேளுங்க. என்ன சொன்னான்னு முடிஞ்சா இங்கயே எழுதுங்க, நான் பார்த்துகினு இருப்பேன்.